பென்ரோஸ் வாத்தியார் கொடுத்த வாக்கு

முதல் உலகப் போருக்கு முன்னால் சில வருடங்கள் ஓர் ஆங்கிலேயர் எங்கள் மாடி அறையில் குடியிருந்தார். வில்ஃப்ரெட் பென்ரோஸ் என்று பெயர். யோர்தானுக்குக் கிழக்கே மலைமேல் இருக்கும் எங்கள் சல்த் ஊர் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக்கொடுக்க வந்தவர். ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் வாத்தியார்தான்.

ஒலிவ மரம் பூக்கும் மாதத்தில் தும்மித் தும்மியே ஓய்ந்துபோவார். திராட்சைப் பாகை ரொட்டியில் ஊற்றித் தின்னக் கற்றுக்கொண்ட பிறகு வேறு எதையும் காலையில் தொடமாட்டார். எங்கள் அரபியை எங்கள் ஊர் இழுவையோடு பேசுவார். ஆனால் குதிரையேற்றம் மட்டும் கடைசிவரை வரவில்லை. கழுதைமேல் உட்கார்ந்தாலே இரண்டு கையாலும் பிடரியை இறுக்கிக்கொள்வார்.

"டேய் வாத்தி, கழுதை ஓடிடும்னு உனக்குப் பயமா, இல்ல நீ ஓடிடுவேன்னு கழுதைக்குப் பயமா?" என்று கேட்டுச் சிரிப்பார் என் கணவர் மித்ரி. இருவருக்கும் ஒரே வயது. திராட்சைத் தோட்டத்தில் கொடி கட்டப் போனாலும் வாத்தியாரைக் கூட்டிக்கொண்டுதான் போவார்.

என் மகன் நிமருக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ஞானத்தகப்பனாக வாத்தியார்தான் நின்றார். வேறு சபைக்காரனை எப்படி நிறுத்துவது என்று எங்கள் குருவானவர் முகத்தைச் சுளித்தார். "தண்ணி ஒண்ணுதானே சாமி, ஊத்துங்க" என்றார் மித்ரி. அன்றிலிருந்து அந்த மனிதர் எங்களுக்கு உறவு. உறவைப்பற்றித்தான் நான் சொல்லப்போகிறேன், அதனால் இதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

போர் வந்ததும் எங்களை ஆண்ட துருக்கியர் பள்ளிக்கூடத்தைப் பூட்டி, ஆங்கிலேயர்களை ஊரைவிட்டு அனுப்பினார்கள். கீழ்வாசலில் கழுதை நின்றது. வாத்தியார் மித்ரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தெருவே பார்த்துக்கொண்டிருக்க, வாய்விட்டு அழுதார். அதற்குப் பிறகு எங்களுக்கும் நல்ல நாள் இல்லை. வெட்டுக்கிளி வந்து ஒரு பச்சை விடாமல் தின்றது. இளைஞர்களைப் படைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். ரயில் எஞ்சினுக்கு விறகு வேண்டுமென்று எங்கள் ஒலிவ மரங்களை வெட்டினார்கள். மித்ரிக்குத் துருக்கியர்மேல் மூண்ட கோபம் அந்த மரங்களிலிருந்து வந்தது. அவருடைய அண்ணன் ஃபர்ஹான் அப்படி இல்லை. "வெட்டினா வெட்டட்டும், வேர் இருக்குல்ல" என்பார். ஃபர்ஹான் வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. அரசு மாளிகையில் அவருக்கு நாலு பேரைத் தெரியும். அதனால்தான் மித்ரியைப் படைக்குப் பிடிக்காமல் விட்டார்கள்.

வாத்தியார் எகிப்துக்குப் போய் ராணுவத்தில் சேர்ந்தார். எங்கள் பாஷை தெரியும் என்பதால் அவரை கேப்டனாக்கி, ஒரு கர்னலுக்குக் கீழே கைதிகளை விசாரிக்கும் வேலையில் வைத்தார்கள். ஆங்கிலேயர் எருசலேமைப் பிடித்து, எரிகோவுக்கு இறங்கி, யோர்தானின் அக்கரையில் வந்து நின்றார்கள். இக்கரையில் மலைமேல் நாங்கள்.

அந்த மார்ச் மாதம் மழை விடவே இல்லை. ஒரு நாள் முற்பகல், கரி மூட்டை ஏற்றிய கழுதையோடு ஒருவன் எங்கள் சந்துக்குள் வந்தான். முகமெல்லாம் கரி. கரி வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன். கழுதை சறுக்கியது. அவன் இரண்டு கையாலும் பிடரியைப் பிடித்தான்.

"உள்ள வாங்க வாத்தியாரே" என்றேன்.

மித்ரி அவரைத் தூக்கிச் சுற்றினார். ஃபர்ஹானைக் கூப்பிட்டு அனுப்பினோம். காப்பிக்கொட்டை இல்லாத காலம், பார்லியை வறுத்துக் கொதிக்கவைத்துக் கொடுத்தேன். வாத்தியார் விஷயத்தைச் சொன்னார். ஆங்கிலப் படை ஆற்றைக் கடக்கப்போகிறது. சல்த்துக்கு வரும், இங்கிருந்து அம்மான் நகரத்துக்குப் போகும். ஊர் எழுந்து துருக்கிக் காவலைத் துரத்தினால் வேலை சுலபமாகும்.

"வந்துட்டுத் திரும்பிப் போயிட்டா?" என்று கேட்டார் ஃபர்ஹான்.

"போகமாட்டோம். தங்கத்தான் வர்றோம்."

"யார் சொன்னது?"

"என் கர்னல்."

"உங்க முகத்தைப் பார்த்துச் சொன்னாரா?"

"தோள்ல கைவச்சுச் சொன்னார்."

"தோள்ல கைவைக்கிறவங்க பல பேர் முகத்தைப் பார்க்கமாட்டாங்க வாத்தியாரே."

வாத்தியாருக்கு முகம் சிவந்தது. "ஃபர்ஹான், நான் நிமருக்கு ஞானத்தகப்பன். இந்த வீட்டுல வந்து உட்கார்ந்து பொய் சொல்லுவேனா?"

"விடுண்ணா" என்று எழுந்தார் மித்ரி. "வாத்தி சொன்னா சரிதான். மரத்தை வெட்டும்போது வேர் இருக்குன்ன. இப்ப என்ன இருக்குங்கற?"

ஃபர்ஹான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மித்ரி தன் தோழர்களைத் திரட்டினார். குதிரைப்படை மலையேறி வருவதற்கு முன்பே மேட்டுக் கோட்டையிலிருந்த காவலை அடித்துத் துரத்திவிட்டார்கள். படை ஊருக்குள் நுழைந்தபோது மாடிகளில் நின்று பெண்கள் குலவையிட்டோம், ஆண்கள் வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். நான் நிறைமாதம். அந்தச் சத்தத்திலேயே எனக்கு வலி கண்டு, பெண் குழந்தை பிறந்தது. கோட்டையைப் பிடித்தவர் மகளைப் பார்க்க ஊரே வந்தது.

அந்தக் கர்னலும் வந்தார். உயரமான ஆள், ரோஜா நிறம், நல்ல சிரிப்பு. உலர்ந்த திராட்சையை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றார். மித்ரியின் கையைக் குலுக்கி ஏதோ சொன்னார். வாத்தியார் பெருமை பொங்க அதை அரபியில் சொன்னார்: "இனிமே துருக்கிக்காரன் உங்க வாசலை மிதிக்கமாட்டான்னு சொல்றார்." படுக்கையிலிருந்தே நான் அவரை ஆசீர்வதித்தேன்.

அம்மான் பக்கத்திலிருந்து பீரங்கிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு காயம்பட்டவர்கள் ஒட்டகங்களில் வந்தார்கள். ஒட்டகத்தின் இரண்டு பக்கமும் தொட்டில்போலக் கட்டி, ஆளைப் படுக்கவைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் குதிரைகள், வண்டிகள். எல்லாம் ஒரே திசையில் போயின. ஆற்றைப் பார்த்து.

வாத்தியார் என் படுக்கையருகே ஓடிவந்தார். தொப்பியைக் காணோம்.

"வர்தே, எழுந்திருங்க. கிளம்பணும்."

"எங்க?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம். படை போகுது. ஊர்க்காரங்களையும் கூடவே வரச் சொல்லுறோம்."

மித்ரி சிரித்தார். வாத்தியார் கேலி செய்வதாக நினைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்று, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதைப் படுத்தபடி பார்த்தேன்.

"தங்கத்தான் வர்றோம்னியே வாத்தி."

"எனக்குத் தெரியாது மித்ரி. சத்தியமாத் தெரியாது."

எனக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை, காய்ச்சல் வேறு. கோவேறு கழுதைமேல் ஏற்றினால் வழியிலேயே போய்விடுவாள் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். வாத்தியார் என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். "ஒட்டகத் தொட்டில் ஒண்ணு கொண்டுவரேன். நான் வராம நகராதீங்க" என்று சொல்லிவிட்டு மழையில் ஓடினார்.

ஊரில் கிறிஸ்தவர்கள் முக்கால்வாசிப் பேர் கிளம்பினார்கள். முஸ்லிம் வீடுகளிலும் கோட்டைச் சண்டைக்குப் போனவர்கள் கிளம்பினார்கள். குழந்தைகளை முதுகில் கட்டிக்கொண்டு, சட்டிப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு, முழங்கால் சேற்றில் இறங்கிப் போனார்கள். மித்ரி ஜன்னலில் நின்று வழியைப் பார்த்தார்.

"நிமர் அப்பா, நீங்க மட்டும் போங்க. என்னையும் புள்ளைங்களையும் யாரும் ஒண்ணும் செய்யமாட்டாங்க."

"வாத்தி வர்றேன்னு சொல்லியிருக்கான்ல."

"வரலைன்னா?"

"அவன் நிமருக்கு யாரு? வருவான்."

தெரு காலியானது. மழை விட்டது. குதிரைச் சத்தம் கேட்டு மித்ரி எட்டிப் பார்த்தார். வந்தவர்கள் துருக்கியர்.

அரசு மாளிகை முன்னால் தூக்கு மரம் நட்டார்கள். கோட்டைக்குப் போனவர்களில் அகப்பட்டவர்களையெல்லாம் தொங்கவிட்டார்கள். என்னால் எழுந்து போய்ப் பார்க்க முடியவில்லை. ஃபர்ஹான்தான் தம்பியின் உடலை ஒரு கதவுப் பலகையில் வைத்துக் கொண்டுவந்தார். அவர் வீட்டை யாரும் தொடவில்லை, சண்டையன்று அவர் தெருவுக்கே வராதவர். தம்பிக்காகக் காலில் விழுந்து கேட்டாராம். "'ஒரு தலையைத்தான் காப்பாத்த முடியும், அது உன் தலை'ன்னு மாளிகையில சொன்னாங்க" என்று என்னிடம் சொன்னார். அதன் பிறகு என் வீட்டுக்கு மாவும் எண்ணெயும் அவர்தான் கொடுத்தார்.

நான் பிழைத்து எழுந்தேன். படுத்த படுக்கையில் எனக்கு ஒரே கேள்விதான். அந்த மனுஷன் ஏன் வரவில்லை?

ஒலிவம் பூத்தது, வெட்டியதுபோக மிச்சமிருந்த மரங்களில். பட்டப்பகல். வாசலில் யாரோ அடுக்கடுக்காகத் தும்மினார்கள். கதவைத் திறந்தேன். ஆட்டிடையன் மேலங்கி, தாடி, புண்ணான பாதம். வாத்தியார்.

"மித்ரி எங்க?" என்றார்.

"தெரியாதா உங்களுக்கு?"

"எப்படித் தெரியும்?"

"மாளிகை முன்னால தொங்கவிட்டாங்க. நீங்க வருவீங்கன்னு ஜன்னல்லயே நின்னாரு. அங்கேயே வந்து பிடிச்சாங்க."

அவர் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் கதவைச் சாத்தினேன். யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற பயம், பாவம் பார்த்து அல்ல.

"ஏன் வரல?"

சொன்னார். காயம்பட்டவர்களுக்கான ஒட்டகங்களில் பலவற்றில் சேணமும் பெட்டியும் ஏற்றியிருந்தார்களாம். ஒன்றைப் பிடித்து, பெட்டிகளை அறுத்துத் தள்ளிவிட்டு, கூட்டத்துக்கு எதிராக மேட்டில் ஏறியிருக்கிறார். கர்னல் பார்த்துவிட்டார். துப்பாக்கி வைத்த இரண்டு பேர் நடுவில் நிறுத்தி, அவரை ஆற்றுக்கு அப்பால் கொண்டுபோய்விட்டார்கள்.

"கர்னல்கிட்டக் கேட்டேன் வர்தே. தங்கப்போறோம்னு ஏன் சொல்லச் சொன்னீங்கன்னு. முகச்சவரம் பண்ணிக்கிட்டிருந்தார். நிறுத்தல. 'இது ஆரம்பத்துலேயே அடிச்சிட்டுத் திரும்புறதுக்குப் போட்ட திட்டம்தான் பென்ரோஸ். உனக்குத் தெரிஞ்சிருந்தா அவ்வளவு நல்லாச் சொல்லியிருக்கமாட்டே'ன்னார்."

எனக்கு அவர்மேலிருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அது இறங்கவும் இல்லை. "நீங்க சொன்னதாலதான் நாங்க நம்பினோம். கர்னல் வந்து சொல்லியிருந்தா இவரு கோட்டைக்குப் போயிருப்பாரா?" என்றேன்.

"போயிருக்கமாட்டான்."

"இப்ப எதுக்கு வந்தீங்க?"

"மறுபடி படை வருது. இன்னும் ரெண்டு மூணு நாள்ல. மறுபடி அதே வார்த்தையைச் சொல்லிட்டு வரச் சொன்னாங்க. சொல்லிட்டு வந்தா ஒட்டக விஷயத்தை மறந்துடறதாச் சொன்னாங்க." அவர் தலையைச் சுவரில் சாய்த்தார். "நான் அதைச் சொல்ல வரல. இந்தத் தடவையும் தங்கமாட்டாங்க. ஒருத்தரும் வெளிய வரவேண்டாம். ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவேண்டாம். குலவை வேண்டாம். கதவைச் சாத்திக்கிட்டு இருங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

பசியில் அவர் கண் செருகியது. ரொட்டியும் எண்ணெயும் வைத்தேன். என் கணவரைக் கொன்றது இவர் வார்த்தை என்று ஒரு மனம் சொன்னது, வீட்டுக்கு வந்தவர் என்று இன்னொரு மனம் சொன்னது. கை இரண்டாவதைக் கேட்டது. எங்கள் ஊரில் ஒரு வீட்டு ரொட்டியைத் தின்றவனை அந்த வீடு காக்க வேண்டும். எதிரியானாலும்.

ஃபர்ஹான் மாவுப்பையோடு வந்தார். வாத்தியாரைக் கண்டதும் பையை இறக்கி வைத்துவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"திரும்பிப் போயிடுவாங்கங்கறது உறுதிதானா?"

"உறுதி."

"இந்தத் தடவை உங்க கர்னல் சொல்லல. நீங்களா சொல்றீங்க."

"நானாத்தான் சொல்றேன் ஃபர்ஹான்."

ஃபர்ஹான் அழுதார். அந்த அழுகை பொய்யில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். வாத்தியாரின் தோளில் முத்தமிட்டு, "என் தம்பிக்குப் பதிலா வந்து உண்மையைச் சொன்னீங்க. மாடியில போய்ப் படுங்க. ஊருக்கு நான் சொல்லிடறேன்" என்றார். வாத்தியார் தன் பழைய அறைக்கு ஏறிப் போனார். படுத்த உடனே குறட்டைச் சத்தம் கேட்டது.

ஃபர்ஹான் வீடு வீடாகப் போனார். கிறிஸ்தவர், முஸ்லிம் என்று பார்க்காமல் எல்லா வீட்டிலும் சொன்னார். அதன் பிறகு அரசு மாளிகைக்குப் போனார்.

நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அவர் முதலில் உள்ளே வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "வர்தே, புள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு என் வீட்டுக்குப் போ" என்றார். அவருக்குப் பின்னால் பூட்ஸ் சத்தம்.

"பெரியத்தான்! ரொட்டி தின்னிருக்காரு! நம்ம வீட்டு ரொட்டி!"

"தெரியும்."

நான் படிக்கட்டை மறித்தேன். ஒரு சிப்பாய் என்னைத் தள்ளிவிட்டு ஏறினான். வாத்தியாரை இழுத்து வந்தார்கள். அவருக்கு இன்னும் முழுசாக விழிக்கவில்லை. ஃபர்ஹானைக் கண்டதும்தான் விளங்கியது.

"ஃபர்ஹான், நான் இந்த வீட்டுல தின்னேன்."

"என் தம்பியும் நீங்க சொன்னதைத் தின்னான் வாத்தியாரே."

அதுவரை எங்களோடு ஒருமுறைகூட ஆங்கிலம் பேசாதவர் அப்போது ஆங்கிலத்தில் கத்தினார். என்ன கத்தினார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. கிணற்றுக் கயிற்றால் கையைக் கட்டி, அக்குளைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். சந்து திரும்பும்போது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் அவர்மேல் கோபப்பட்டு முடித்திருக்கவில்லை. அதற்குள் கொண்டுபோய்விட்டார்கள்.

சீருடை இல்லாமல் அகப்பட்டவன் ஒற்றன். விசாரணை என்று ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. ஆற்றங்கரையில் ஆங்கிலப் படை அசைகிறது என்று செய்தி வந்திருந்ததால் தூக்கு மரம் நட அவர்களுக்குப் பொழுதில்லை. மறுநாள் காலையில் அம்மான் சாலையிலுள்ள களத்துமேட்டில் நிறுத்திச் சுட்டார்கள். எங்கள் குருவானவரைக் கூட்டிப்போயிருந்தார்கள். எங்கள் பாஷையிலேயே ஜெபம் சொன்னாராம் வாத்தியார். முடித்துவிட்டு, "எனக்கும் பொய்தான் சொன்னாங்க சாமி" என்றாராம். தன் அம்மாவின் பெயரைச் சொன்னாராம். குருவானவர் பயத்தில் அந்தப் பெயரை மறந்துவிட்டார்.

அன்று மாலையே ஃபர்ஹானின் வீட்டுக்குப் போய் நின்றேன். அவர் மனைவி என்னைத் தடுத்தாள். ஃபர்ஹான், "விடு, கேக்கட்டும்" என்றார்.

"காட்டிக்கொடுக்கணும்னு இருந்தா அவர் பொய் சொன்ன அன்னைக்கே கொடுத்திருக்கலாமே. உண்மை சொன்னதுக்கா கொடுத்தீங்க?"

"ஆமா. உண்மை சொன்னதாலதான்." அவர் குரல் உயரவில்லை. "ஆங்கிலேயன் தங்குவான்னா வாத்தியாரை என் தலைமேல வச்சிருப்பேன். தங்கமாட்டான்னு அவரே சொல்லிட்டாரு. அப்ப நாளைக்கும் நமக்குத் துருக்கிக்காரன்தான். மித்ரி வீட்டுல ஆங்கிலேயன் படுத்திருந்தான்னு ஒரு நாய் குரைச்சா போதும். உன் பையனை விடுவாங்களா? என் பசங்களை விடுவாங்களா? அவர் சொல்ல வந்ததை ஊருக்குச் சொல்லிட்டேன். ஒரு வீடு விடாம சொன்னேன்."

"அப்ப அவரை ஓடவாவது விட்டிருக்கலாமே."

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஆங்கிலக் குதிரைப்படை வந்தது. சல்த் ஊர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மாடிகளில் ஒரு தலை இல்லை. எங்கள் சந்தில் குளம்புச் சத்தம் நின்றது. கர்னலேதான். கூட எருசலேம்காரன் ஒருவன் மொழிபெயர்க்க வந்திருந்தான்.

"கேப்டன் பென்ரோஸ் இந்த வீட்டுக்கு வந்தாரான்னு கேக்குறாங்கம்மா."

"வந்தாரு."

"ஊரைத் தயார்பண்ண அனுப்பினோம், ஏன் ஒருத்தரும் வரவேற்க வரலைன்னு கேக்குறாங்க."

"தயார்பண்ணிட்டாருன்னு சொல்லு" என்றேன்.

அவன் அதை எப்படிச் சொன்னானோ, கர்னல் சுற்றிலும் சாத்திய கதவுகளைப் பார்த்தார். நான் களத்துமேட்டைப் பற்றிச் சொன்னேன். யார் காட்டிக்கொடுத்தது என்று கேட்டார்கள். அடுத்த வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஃபர்ஹான் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். அவர் பெயரைச் சொன்னால் அந்த இடத்திலேயே சுட்டிருப்பார்கள். சுட்டுவிட்டு, இன்னும் சில நாளில் ஆற்றைக் கடந்து போய்விடுவார்கள். இவர்கள் கையில் எங்கள் ஆள் ஒருவனை ஏன் கொடுக்க வேண்டும்? "உங்களுக்குத் தெரியாததா?" என்று கர்னலைப் பார்த்துச் சொன்னேன். மொழிபெயர்ப்பாளன் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டான். கர்னல் தொப்பியைத் தொட்டு வணங்கிவிட்டுக் கிளம்பினார்.

சில நாளில் அவர்கள் போனார்கள். துருக்கியர் திரும்பி வந்து வீடு வீடாகத் தேடினார்கள். தூக்கில் போட ஒருவரும் அகப்படவில்லை.

இலையுதிர் காலத்தில் ஆங்கிலேயர் மூன்றாம் தடவை வந்து, துருக்கியர் ஒரேயடியாகப் போனார்கள். களத்துமேட்டில் தோண்டி வாத்தியாரின் உடலை எடுத்து எருசலேமுக்குக் கொண்டுபோனார்கள். மிஷன் அம்மா ஒருத்தி ஆறுதல் சொல்ல என்னிடம் வந்தாள். இங்கிலாந்தில் அவருடைய ஊர்க் கோயிலில் கல்வெட்டு வைத்திருக்கிறார்களாம். நம்பி அடைக்கலம் புகுந்த மக்களே அவரைக் காட்டிக்கொடுத்தார்கள் என்று அதில் எழுதியிருக்கிறதாம். கர்னலின் பெயரும் அதில் இருக்கிறதா என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை.

நான் ஃபர்ஹான் கொடுத்த மாவில்தான் பிள்ளைகளை வளர்த்தேன். ஒரு வருடம்கூட அவர் தவறவிட்டதில்லை. பை வாசலில் இருக்கும், நான் எடுத்துக்கொள்வேன். அதன் பிறகு நாங்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதே இல்லை. அவர் கிழவராகிப் படுக்கையிலேயே இறந்தார். ஊரே திரண்டு வந்தது. எங்கள் உயிரைக் காப்பாற்றியவர் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள், அதுவும் உண்மைதான். பெண்கள் வட்டமாக நின்று ஒப்பாரி வைத்தபோது என் முறை வந்தது. வீட்டு மருமகள் அல்லவா, நானும் பாடினேன்.